நாலாவது மட்டையின் கைப்பிடி

அப்பு,

இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் என் பேரனின் கையை அவிழ்த்துவிட்டு வா. அவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, எழுப்பியாவது அவிழ்த்துவிடு. மருமகள் ஏன் என்று கேட்டால், திண்டுக்கல்லிலிருந்து அத்தா எழுதியிருக்கிறார் என்று சொல். அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. இது நீளமான கடிதம்.

நீ எழுதியது வந்து சேர்ந்தது. மெட்ராஸில் குழாய்த் தண்ணீர் படுகிற பாடு, மருமகளின் தலைவலி, கிடங்கில் உனக்கு வேலை நேரம் மாறியது எல்லாம் எழுதிவிட்டு, இடம் போதாமல் கடைசியில் ஓரமாக நுணுக்கி நாலு வரி எழுதியிருந்தாய். பையன் எதற்கெடுத்தாலும் இடது கையையே நீட்டுகிறான், சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை, நாலு நாளாக அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன் என்று. அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு கார்டு போட்டிருப்பேன். 'நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் அத்தா. அன்றைக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இன்றைக்குத்தான் உங்கள் அருமை புரிகிறது' என்றும் எழுதியிருந்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடியும் படித்தேன். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இதுவரை நீ எனக்கு எழுதிய கடிதங்களில் என்னைப் புகழ்ந்து எழுதிய வரி அது ஒன்றுதான். அது எனக்குச் சேர வேண்டியதில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதியைப் பதினாறு வருஷமாக நான் உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன்.

பேகம்பூரில் நம் வீட்டு முன்பக்கத்து அறைதான் கடை என்பது உனக்கு நினைவிருக்கும். ஆரம்பத்தில் எனக்கு வேலை எல்லாம் சம்சாரிகளோடுதான். குஜிலியம்பாறைப் பக்கத்து வறட்சிக்காட்டிலிருந்து கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்கான தோல்பறியை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். கிழிந்த பறியைத் தைத்துக் கொடுப்பேன், ஜட்கா வண்டிக்காரர்களுக்குக் கடிவாளவார் செய்து கொடுப்பேன். பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது, பறி தைக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சவரிமுத்து ஒருநாள் கோணிப்பையில் சுற்றிய ஒரு கட்டோடு கடை வாசலில் வந்து நின்றான். வத்தலக்குண்டுக்காரன். கொடைக்கானல் மலையில் துரைமார்கள் கோல்ஃப் ஆடும்போது அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது அவன் வேலை. அந்த வேலைக்கு அங்கே 'கேடி' என்று பெயராம். "இதைக் கீழ சொன்னா போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போயிருவான் பாய்" என்று சிரிப்பான். மட்டைகளின் கைப்பிடித் தோல் மலைப் பனியில் நைந்துபோகிறது, சீமைக்கு அனுப்பினால் திரும்பிவர மாதக்கணக்காகிறது, தோல் ஊரான திண்டுக்கல்லில் ஒரு ஆள் கிடைக்காமலா போவான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அதுவரை கோல்ஃப் மட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு பழைய பிடியை அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அது லேசான வேலை இல்லை. ஆட்டுத்தோல் சீக்கிரம் தேய்ந்துவிடும், எருமைத்தோல் கையை அறுக்கும், வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீண்டுகொண்டே போகும். ஆவாரம்பட்டையில் பதமான கன்றுத்தோலில், முதுகுத்தண்டை ஒட்டிய பாகத்தில்தான் நாடா வெட்ட வேண்டும். ஒரு விரல் அகலம். ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் காகிதம்போலச் சீவிவிட வேண்டும், அப்போதுதான் ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று மேடு தட்டாமல் ஏறும். நாடாவை ஈரத்துணியில் பொதிந்து வைத்து, அந்த ஈரத்தோடே இழுத்துச் சுற்றி, மேல்முனையில் ஒரு சிறு ஆணி அடித்து, கீழ்முனையை மெழுகு நூலால் கட்ட வேண்டும். தோலுக்கு அடியில் எத்தனை சுற்றுத் துணி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடித்துப் பார்க்கும்போது மேலே பிடிக்கிற கையின் விரல்நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் பிடி மெலிவு. தொடாமல் இடைவெளி விட்டால் பிடி பருமன். ஆள் மலைமேல் இருக்கிறார், நான் கீழே இருக்கிறேன். அதனால் ஒவ்வொருவரையும் மேலே பிடிக்கிற கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து அனுப்பச் சொன்னேன். சவரிமுத்து மட்டைக்கட்டோடு அந்தத் தாள்களையும் கொண்டுவருவான்.

சுற்றி முடித்தாலும் வேலை முடியாது. நிழலில் இரண்டு நாள் காயவைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவி அனுப்புவேன். பழக்க வேண்டியது அவர்கள்தான். எடுத்த உடனே பந்தை அடிக்கக் கூடாது, ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தபடி சும்மா பிடித்துக்கொண்டிருங்கள், உங்கள் கைச்சூடும் வேர்வையும் ஏறினால்தான் தோல் உங்கள் விரலுக்கு இடம் கொடுக்கும் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு துரை, அதையும் நீயே பழக்கி அனுப்பு என்று கேட்டிருந்தார். "என் கைக்குப் பழகுனது அவரு கைக்கு ஆகாதுன்னு சொல்லு சவரி" என்றேன். தோலைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

இனி உன்னைப் பற்றி. நீ தவழும்போதே இடது கையை முன்னால் போட்டவன். உன் அம்மா முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பலகையில் எழுத வைத்தால் பென்சில் இடது கைக்குப் போகும், தட்டிவிடுவேன். கல்லை எறிந்தால், கதவைத் திறந்தால், எல்லாம் அந்தக் கைதான். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் தங்கை வீட்டுக் கல்யாண விருந்தில் நாலு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பசியில் நீ மறந்துபோய் இடது கையைச் சோற்றில் வைத்துவிட்டாய். எதிரே இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் எடுத்துக்கொண்டார். நாம் இரண்டு பேர் மட்டும் அந்தத் தாம்பாளத்தின் முன்னால் இருந்தோம். எனக்கு அப்போது வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். பிள்ளையின் கையைவிட ஊராரின் பார்வை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் சவரிமுத்து அந்த நாலு மட்டைகளைக் கொண்டுவந்தான். ரயில்வேயில் பெரிய இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்று மலைமேல் வந்து தங்கிய ஒருவருடையவை. கட்டை இறக்கி வைத்தவுடனே, "பாய், இவரு நொட்டாங்கைக்காரரு. மத்தவங்களுதுக்கு இது நேர் மாத்தம். செத்த நேரம் பாத்து, யோசிச்சுச் சுத்துங்க" என்றான்.

நான் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "தோலுக்கு இடது வலது என்ன தெரியும்? எந்தக் கையால அடிச்சாலும் புடி புடிதான்" என்றேன்.

"இல்ல பாய், அவரு ஒரு தடவ சொன்னாரு..."

"நீ பையைத் தூக்குற வேலையப் பாரு சவரி. சுத்துற வேலைய நான் பாத்துக்கிறேன்."

அவன் தாளை வைத்துவிட்டுப் போனான். எல்லோரும் இடது கையை வரைந்து அனுப்புவார்கள், ஏனென்றால் வலது கைக்காரர்களுக்கு மட்டையில் மேலே இருப்பது இடது கை. அந்தத் தாளில் இருந்ததோ வலது கை. நான் கவனித்தேன். மனிதர் தெரியாமல் கையை மாற்றி வரைந்துவிட்டார் என்று நினைத்து, பருமனுக்கு மட்டும் அளவெடுத்துக்கொண்டு தாளை ஓரமாகப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமைக்குள் மூன்றைச் சுற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் சவரிமுத்து எடுத்துப்போக வேண்டும். நாலாவதை மட்டும் மலைமேல் காயவைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று அதற்கு அடித்துணி சுற்றி, நாடாவை ஈரத்துணியில் பொதிந்து வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போனேன். தொழுகை முடிந்து வாசலில் இருவரோடு பேசி நின்றதில் நேரமாகிவிட்டது. வேகமாக வந்து பார்த்தால், நாலாவது மட்டையும் சுற்றி முடிந்து சுவரில் சாய்ந்திருக்கிறது. பள்ளிக்கூடம் லீவென்று வீட்டில் இருந்த நீ பக்கத்தில் மெழுகு நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது.

"அத்தா, பஸ்ஸுக்கு நேரமாயிரும்னு நானே சுத்திட்டேன்."

எடுத்துப் பார்த்தேன். என் சுற்று வலப்பக்கமாக ஏறும், உன் சுற்று இடப்பக்கமாக ஏறியிருந்தது. மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. "எந்தக் கையால சுத்துன?" என்று கேட்டேன். நீ அந்தத் தாளை எடுத்து நீட்டினாய்.

"அத்தா, இதுல வரஞ்சிருக்கது வலது கை. அப்ப இவரும் என்னைய மாதிரித்தான் போல, அதான்..."

முடிக்க விடவில்லை. அறைந்தேன். நீ பேச்சில் தடுக்கி விழாத அந்தக் காலத்தில் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் மிகச் சரியான வார்த்தை அது. அதைத்தான் நான் அறைந்தேன். பிரித்துச் சுற்ற நேரமில்லை, சவரிமுத்து வாசலில் வந்து நின்றுவிட்டான். நாலாவது மட்டையைக் கட்டின் நடுவில் மற்றவை மறைக்கிற மாதிரி வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவன் போன பிறகு, மீந்துபோன நாடாவை எடுத்து உன் இடது கையை மடக்கி இடுப்போடு கட்டினேன். நீ அழவில்லை, கட்டுவதற்குத் தோதாக நீயே கையை மடக்கிக் கொடுத்தாய். இதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

பள்ளிக்கூடம் போகும்போது அவிழ்ப்பேன், திரும்பி வந்ததும் கட்டுவேன். மூன்று வாரம் கழித்து ஒரு லீவு நாள் பகலில் சவரிமுத்து வந்தான். வலது கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. மட்டைக்கட்டை பஸ் கிளீனர் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நீ உள்ளே கை கட்டுண்டு உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாய். "என்னாச்சு சவரி?" என்று கேட்டேன்.

அவன் நிதானமாகத்தான் சொன்னான். பனி இறங்கிய காலையாம். இன்ஜினீயர் முதல் அடிக்குப் பெரிய மட்டையை ஓங்கியிருக்கிறார். அவர் கை முறுக்குகிற திசையும் தோல் சுற்றிய திசையும் மாறிப்போய், சீவிய ஓரம் ஒவ்வொரு சுற்றாகக் கிளம்பி, பாம்பு சட்டை உரித்ததுபோலத் தோல் அவர் கையில் நின்றுவிட்டது. மட்டை பறந்தது. முன்னால் பந்தைப் பார்க்க நின்றவன் இவன். காறை எலும்பில் வந்து விழுந்திருக்கிறது. "தலையில படாதது ஆண்டவர் செயலு" என்றான்.

எனக்கு "அவரு என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்க வந்தது. அப்போதுகூட என் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன் பார்.

"அவரு என்னையப் பாத்துப் பதறிட்டாரு. பாய் மேல தப்பு இல்ல, பனி ஈரத்துல வழுக்கிருச்சுன்னு நான்தான் சொன்னேன். இல்லாட்டி மத்த துரைங்களும் உங்ககிட்ட அனுப்பமாட்டாங்கள்ல?" என்று சொல்லிவிட்டு, நல்ல கையால் கட்டை அவிழ்த்து ஒரு மட்டையைத் தனியாக எடுத்து என்முன் வைத்தான். "மூணு புடியும் கிளம்பிருச்சு. இது ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி நிக்குது. இதே மாதிரி மத்த மூணையும் சுத்தித் தரச் சொன்னாரு. இத யாரு பாய் சுத்துனது?"

உள்ளே நீ பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "நான்தான்" என்றேன்.

சவரிமுத்து அந்த மட்டையைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப நாலையும் அப்படியே சுத்தியிருக்கலாம்ல பாய்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் சொன்ன பொய், தெரிந்தும் செய்யாதவனாக என்னை ஆக்கிவிட்டது. அவன் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தத் தோளில் அவன் மறுபடியும் பை தூக்கவில்லை.

அடுத்த எட்டு நாள் என்ன நடந்தது என்பதுதான் நான் உன்னிடம் மறைத்ததிலேயே மோசமானது. உன் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். இடப்பக்கமாகச் சுற்ற என் கைக்கு வரவில்லை. சுற்றுவேன், சுருக்கம் விழும், பிரிப்பேன். அப்போதுதான் கவனித்தேன், நாடாவின் ஓரத்தையும் நீ மறுபக்கமாகச் சீவியிருந்தாய். நான் சீவி வைத்திருந்த ஓரம் அந்தத் திசைக்கு உதவாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய். முன்னறையில் உன் வேலையைப் பார்த்து நான் படித்துக்கொண்டிருக்கிறேன், பின்னறையில் அந்த வேலையைச் செய்த கையைக் கட்டிப்போட்டிருக்கிறேன். 'வா அப்பு, எப்படிச் சுத்துனேன்னு காட்டு' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் நாள் உன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசிப் பழகாதவள்.

"இது அவன் சுத்துனதுதான?"

"ஆமா."

"அதப் பாத்துத்தான் இத்தன நாளா நீங்க கத்துக்கிறீங்க?"

நான் குனிந்து, சுருக்கம் விழுந்த நாடாவைப் பிரித்தேன்.

"அப்ப அந்தக் கைய எதுக்குங்க கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, என் முன்னால் கிடந்த தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாடா அறுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கத்தியை அதே இடத்தில் வைத்தாள். "சோறு மட்டும் வலது கையில திங்கட்டும், அது நான் சொல்லிக் கொடுத்துக்கிறேன். மத்ததுக்கெல்லாம் அவன் கை, அவன் இஷ்டம். இனிமே கட்டுனீங்கன்னா எனக்கும் சேத்துக் கட்டுங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் உன்னைக் கட்டவில்லை. அத்தா மனம் மாறி விட்டுவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். விட்டது நான் இல்லை அப்பு. அவள் மௌத்தாகி ஆறு வருஷமாகிறது. அவளுக்குச் சேர வேண்டியதை அவளுக்கே கொடுத்துவிடு.

ஆனால் அவள் அறுத்தது தாமதமாகிவிட்டது. அந்த நாட்களில்தான் உனக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. கட்டியதால்தான் வந்ததா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. ஒரு டாக்டர் அப்படியும் இருக்கலாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அதற்கு முன்னால் உனக்கு அது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்து ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அத்தாவுக்குப் பொறுமை இல்லை என்று நீ நினைத்தாய். பார்க்கத் தைரியம் இல்லை, அதுதான் காரணம்.

உன் நிக்காஹ் அன்றைக்கு ஹஜ்ரத் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ஜமாத்தே காத்திருந்தது. நீ 'கபூல்' என்கிற அந்த ஒரு சொல்லுக்காக உதட்டை அசைத்து அசைத்து, நெற்றி நரம்பு புடைக்க நின்றாய். பின்னால் யாரோ, "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போல" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹஜ்ரத் நல்லவர், உன் முழங்கையைத் தொட்டு, "அவசரமில்ல தம்பி, அல்லா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார். நீ சொன்னாய். எல்லோரும் உன்னைக் கட்டித் தழுவினார்கள். நான் கடைசியாக வந்து தழுவினேன். அப்போது உன் காதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. அன்று ஜமாத்தின் முன் உன்னால் ஒரு சொல்லைச் சொல்ல முடிந்தது. எனக்கு உன் ஒருவன் முன்னால் முடியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினேன். சவரிமுத்து பஸ் நிற்குமிடத்தில் ஒரு வாழைப்பழக் கடை போட்டிருக்கிறான். தாரைத் தூக்கி மாட்டுவதற்கு இன்றும் இடது தோள்தான். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "சவரி, அந்த நாலாவது மட்டையச் சுத்துனது நான் இல்ல. என் மகன். ஒம்பது வயசுல. அதுக்காக அவனை அடிச்சேன், கைய வேற கட்டிப் போட்டேன். உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ முதல்லயே சொன்னதக் கேட்டிருந்தா உன் தோளு நல்லாயிருந்திருக்கும்."

அவன் கையிலிருந்த சீப்புப் பழத்தைக் கொக்கியில் மாட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் தோளு ஆறிப்போச்சு பாய்" என்றான். "இதுல எனக்கு வருத்தம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். அம்புட்டுத் தெரிஞ்சவரு நமக்காக அந்த மூணையும் சரியாச் சுத்தலையேன்னு நெனச்சிருக்கேன். இப்ப அது போயிருச்சு. ஆனா நீங்க சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லையே. தம்பிகிட்டச் சொன்னீங்களா?" இல்லை என்றேன். "அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுக்குப் போயி எழுதுங்க" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் அவனே என்னை ஏற்றிவிட்டான்.

அதனால் எழுதுகிறேன். பேரனுக்குச் சோறு ஊட்டும்போது வலது கையை எடுத்து வைத்து பிஸ்மி சொல்லிக்கொடு. உன் அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல, மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடு. அது நபிவழி, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பென்சிலை, பம்பரத்தை, கரண்டியை அவன் எந்தக் கையால் எடுக்கிறானோ அந்தக் கையிலேயே இருக்கட்டும். விருந்தில் யாராவது கையை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், நீ எடுக்காதே. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடு. நான் செய்தது கண்டிப்பு என்று உன் வயதில் உனக்குத் தோன்றுகிறது. பதினாறு வருஷத்தில் அப்படி ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. கட்டிய துணி நாலு நாளில் அவிழ்ந்துவிடும், அவன் உன்னிடம் என்ன சொல்ல வந்து பாதியில் நிறுத்தினான் என்பது உனக்கு எப்போதும் தெரியாமல் போய்விடும். அதுதான் எனக்கு பயம். என்மேல் கோபம் வந்தால் அடக்காதே, எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் நேரில் வந்து சொல். எத்தனை நேரமானாலும், எந்தச் சொல்லில் நீ நின்றாலும், இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல் கேட்பேன்.

ஒன்று பாக்கி. சவரிமுத்து அந்த மட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்த அன்று இன்ஜினீயர் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கொடுத்துத் தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். படித்துவிட்டு அவர் என் முதுகில் தட்டினார். நானும் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்தச் சீட்டை உன் அம்மாவுக்கும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதை வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அதில் எழுதியிருப்பது இதுதான்: 'இந்த ஒரு பிடியை மட்டும் பிரிக்க வேண்டாம். சிறுவயதிலிருந்து மற்றவர்களின் கைக்குச் செய்த பொருள்களையே பிடித்துப் பழகிவிட்டேன். என் கையைப் பார்த்து, என் கைக்கென்று ஒருவர் செய்து கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.'

சொல்லிவிட்டேன்.

உன் அத்தா